சமையல் நோட்டில் ஒட்டிய டிக்கெட்டுகள்

மே 12, 2025, திங்கள். பாரிஸ்

காலை: இட்லி, வெங்காயச் சட்னி. மதியம்: சோறு, கத்தரிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், அப்பளம். இரவு: சப்பாத்தி, குருமா. மொத்தம் முப்பத்திரண்டு பேர். சர்க்கரை உள்ளவர்கள் பதினொன்று. பூண்டு சேர்க்காதவர்கள் நான்கு. காரம் ஆகவே ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பந்தியிலேயே மிளகாய் ஊறுகாய் கேட்டவர் ஒருவர்: ராமசுப்பு சார், மதுரை, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.

இந்த நோட்டு தொலைந்தால் யாருடையது என்று தெரிய வேண்டும். என் பெயர் செண்பகவல்லி. வயது ஐம்பத்து நான்கு. கோவில்பட்டி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருபது வருடம் மெஸ் நடத்தினேன். சாமி கும்பிட வந்த ஒரு சுற்றுலாக் கம்பெனிக்காரர் என் ரசத்தை மூன்று தம்ளர் குடித்துவிட்டு, ஐரோப்பாவுக்கு எங்கள் கூட்டத்தோடு சமைக்க வருகிறீர்களா என்று கேட்டார். இது ஒன்பதாவது பயணம்.

என்ன சமைத்தேன், யாருக்கு எது ஆகாது என்று எழுதிவைக்கத்தான் நோட்டைக் கொடுக்கிறார்கள். திரும்பிப் போனதும் யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. அதனால் மிச்ச இடத்தில் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன்.

ஊர் விட்டு ஊர் போகும்போது பஸ்ஸில் கடைசி இருக்கை எனக்கு. ஊருக்குள் வந்ததும் பின்னால் வரும் சமையல் வண்டிக்கு மாறிக்கொள்வேன். அதை ஓட்டுவது மாரெக், போலந்துக்காரன், என் மகன் வயது. கூட்டம் திலீபனோடு உள்ளே போகும். திலீபன்தான் சுற்றுலா மேலாளர், திருச்சிப் பையன். நாங்கள் வெளியே வண்டியை நிறுத்திச் சமைப்போம். ஒன்றரை மணிக்குத் தட்டில் சோறு விழ வேண்டும். கூட்டம் உள்ளே, சமையல் வெளியே. ஒன்பது பயணமாக இதுதான் சட்டம்.

ஒன்பது முறை வந்தவள் என்ன பார்த்தாள் என்று யாராவது கேட்டால், வண்டி நிறுத்துமிடங்களைப் பற்றி நன்றாகச் சொல்லுவேன். ரோமில் நிழல் கிடையாது. ஃப்ளாரன்ஸில் புறாத் தொல்லை. லூசெர்னில் தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது; அதுதான் எனக்குப் பிடித்த ஊர். உள்ளே போக எனக்கு ஆசை எதுவும் இல்லை. உடைந்த சுவரையும் மூக்கில்லாத சிலையையும் பார்த்து என்ன ஆகப்போகிறது.

ராமசுப்பு சார் அருங்காட்சியக டிக்கெட்டைச் சாப்பிட்ட தட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். இந்தப் பக்கத்தில் கொஞ்சம் சாம்பார் சிந்திவிட்டது. கறையை மறைக்க டிக்கெட்டைத் துடைத்து ஒட்டியிருக்கிறேன்.

மே 13, செவ்வாய். பாரிஸ்

காலை: வெண்பொங்கல். மதியம்: மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். இரவு: சேமியா உப்புமா (எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள், எல்லோரும் இரண்டு முறை வாங்கினார்கள்).

இந்தக் கூட்டத்தில் பாளையங்கோட்டை ரெஜினா டீச்சர் ஒருவர் வந்திருக்கிறார். முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவர். தனியாக வந்திருக்கிறார். சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தப் பொம்பள படம் இம்புட்டு சின்னதா இருக்கும்னு நான் நெனைக்கவேயில்ல" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே.

"எழுபத்தேழு சென்டிமீட்டர் ஒசரம் டீச்சர். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் அதச் சட்டைக்குள்ள மறைச்சுத் தூக்கிட்டுப் போயி, ரெண்டு வருஷம் வீட்டுல வச்சிருந்தான். அதுக்கப்புறம்தான் உலகம் பூரா அதுக்குப் பேரு" என்றேன்.

டீச்சர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "நீ எத்தன தடவ பாத்திருக்கம்மா?"

"ரசம் ஊத்தட்டுமா டீச்சர்?" என்றேன்.

இதெல்லாம் திலீபன் பஸ்ஸில் மைக்கில் சொல்வது. எட்டுப் பயணம் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கேட்டால் கல்லுக்கும் மனப்பாடம் ஆகும். அவன் இருமுகிற இடம்கூட எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் வேலாயுதம், தீப்பெட்டி ஆலையில் மெஷின் பார்த்தவர், இப்போது வீட்டில் என்னைத் தவிர எல்லாவற்றையும் ரிப்பேர் செய்கிறார். "ஏ செம்பகம், உள்ள போனியா? அந்தப் படத்தப் பாத்தியா?" என்றார். "நல்லா இருந்துச்சு" என்றேன். ரசத்தைச் சொன்னேன். லைன் சரியில்லாததால் அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை.

மே 15, வியாழன். லூசெர்ன்

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. சட்னியில் உப்பில்லை என்று ராமசுப்பு சார் பொங்கினார். இரண்டையும் துடைத்தேன்.

மே 16, வெள்ளி. லூசெர்ன்

காலை: ஊத்தப்பம். மதியம்: வத்தக்குழம்பு, கேரட் பொரியல்.

கோவில்பட்டி நூலக வாசகர் வட்டத்திலிருந்து வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருக்கிறது. "ஜூன் 1, ஞாயிறு மாலை 5 மணி. உலகம் சுற்றிய செண்பகவல்லி அம்மாள், தாம் நேரில் கண்ட கலைச் செல்வங்கள் பற்றி உரையாற்றுகிறார். அனைவரும் வருக." என் போட்டோ சரியில்லை. பச்சைச் சேலையில் எடுத்ததைப் போடச் சொல்லியிருந்தேன், போடவில்லை. 'நேரில் கண்ட' என்ற சொல்லை மட்டும் ஏனோ கொஞ்சம் பெரிதாக அடித்திருக்கிறார்கள்.

பேச ஒப்புக்கொண்டது நான்தான். ஊரில் என்னைப் பார்த்தால் வெளிநாட்டுக் கதை கேட்பார்கள். குழாயடியில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள். நானும் சொல்லுவேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது, எல்லாம் திலீபன் சொன்னது. பார்த்தேன் என்று நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் நான் பார்த்ததாக எடுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

இந்த ஊர் மரப்பாலத்தின் படம் போட்ட அஞ்சலட்டையை டீச்சர் வைத்துவிட்டுப் போயிருந்தார். பசை மீந்திருந்தது, ஒட்டினேன்.

மே 18, ஞாயிறு. ஃப்ளாரன்ஸ்

மதியம்: சோறு, தக்காளிக் குழம்பு, கோஸ் பொரியல், வடை.

கூட்டம் உள்ளே போன பிறகு திலீபன் மட்டும் திரும்பி வந்தான். வழக்கமாக அவன் வடைக்காகத்தான் திரும்பி வருவான். இன்று வடையைத் தொடவில்லை.

"அக்கா, ஆபீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. அடுத்த சீசன்ல இருந்து அந்தந்த ஊர் இந்தியன் ரெஸ்டாரண்ட்ல சாப்பாடு ஏற்பாடு பண்றாங்களாம். சமையல் வண்டி கிடையாது."

"நல்லதுதான் தம்பி. எனக்கும் முட்டி வலிக்கு" என்றேன்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா…"

"அதான் சொல்லிட்டியே. வடைய எடுத்துக்கோ."

அவன் போனான். தாளிக்கும்போது கடுகு கரிந்துவிட்டது. முப்பது வருடத்தில் எனக்குக் கடுகு கரிந்ததில்லை. இந்த ஊர்க் கடுகு மட்டம். ஊருக்குப் போனதும் நம்ம கடுகையே கொண்டுவர வேண்டும் என்று எழுத வந்தேன். பிறகுதான் இனிமேல் கொண்டுவர வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது.

மே 20, செவ்வாய். ரோம்

வெயில். நிழல் இல்லை. சொன்னேனே.

மதியம்: சோறு, மோர்க்குழம்பு, வாழைக்காய் (விலையைக் கேட்டு மாரெக் சிரித்தான்), பாயசம்.

இன்று கோபத்தில் எழுதுகிறேன். ரெஜினா டீச்சர் எல்லார் முன்னாலும் திலீபனிடம், "தம்பி, செம்பகத்துக்கு இது கடைசி டூர்னு கேள்விப்பட்டேன். ஒரு நாளாவது அவளையும் உள்ள கூட்டிட்டுப் போங்க, பாவம்" என்று சொல்லிவிட்டார்.

பாவமாம். அடுப்படியில் நிற்கிற என்னைப் பார்த்து இதுவரை பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள், உப்பு கூடிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். பாவம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

திலீபன் தலையைச் சொறிந்தான். "டீச்சர், ஒன்றரை மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடுன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கோம். அக்கா உள்ள வந்துட்டா யாரு போடுவா?"

"அதானே" என்றார் ராமசுப்பு சார். அவருக்கு மோர்க்குழம்பு மூன்றாம் முறை ஊற்றியிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் டீச்சரிடம் போனேன். "எனக்காக நீங்க யார்கிட்டயும் கேக்க வேண்டாம் டீச்சர். பிச்சை கேட்டுப் பாக்கிற அளவுக்கு அங்க ஒண்ணுமில்ல."

டீச்சர் கோபப்படவில்லை. "ஒண்ணுமில்லன்னு, நீ பாக்காமலே எப்படிச் சொல்லுத?" என்றார்.

பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கூட்டம் பார்த்துவிட்டு வந்த பெரிய வட்டக் கட்டடத்தின் மேல்வரிசை வளைவு மட்டும் மரங்களுக்கு மேலே தெரிந்தது. மாரெக் அதைக் கையால் காட்டி, "செம்பா, ஃபைவ் மினிட். கோ, லுக்" என்றான். இரவுக்கு வைத்த பருப்பு பாதி வெந்திருந்தது. அவனிடம் பருப்பை விட்டால் சுண்ணாம்பாக்கிவிடுவான். போகவில்லை.

நூலகத்திலிருந்து மறுபடி ஒரு செய்தி. எண்பது நாற்காலி போடப்போகிறார்களாம்.

மே 21, புதன். ரோமிலிருந்து பொம்பெயி

காலை: இட்லி. மதியம்: தேங்காய்ச் சோறு. இரவு: தோசை.

நாளைதான் கடைசி இடம். எரிமலை வெடித்துச் சாம்பலுக்கு அடியில் போன ஊர். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆகிறது. தோண்டி எடுத்துத் தெருத்தெருவாக அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் திலீபன் மைக்கைப் பிடித்தான். "அந்த ஊர்த் தெருவுல நடந்தீங்கன்னா, ஓரத்துல வரிசையாக் கல் மேடை வரும். மேடைல வட்டமாக் குழி இருக்கும். அதான் அந்தக் காலத்து லாண்டரி. குழில துணிய ஊறப் போட்டு, மேடைல அடிச்சுத் துவைப்பாங்க." இந்த இடத்தில் இருமுவான், இருமினான். இதை நான் கோவில்பட்டியில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ரோமாபுரிக்காரன் வெளுத்த வெளுப்பு என்று எங்கள் தெருவில் அது ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது.

அவன் சொல்லச் சொல்ல என் வாயும் கூடவே அசைந்திருக்கிறது. முன் இருக்கையிலிருந்து திரும்பி டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு: கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? திலீபன் சொல்லிக் கொடுத்த சொல்லை வைத்து எட்டுப் பயணம் ஓட்டிவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி எண்பது நாற்காலிக்கு முன்னால் அது ஓடாது. யாராவது எழுந்து, அந்த மேடை எவ்வளவு உயரம் இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அப்போதுதான் அந்தப் பேச்சின் முதல் பாதி ஞாபகம் வந்தது. கட்டிக் கொடுத்த சோறு. சொல் தாங்காது, சரி. புளிச்சோறு ஒரு பகல் தாங்காதா? காலையில் கிளறிக் கட்டிவைத்தால் மதியத்துக்குள் புளி ஊறி இன்னும் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றரை மணிக்கு அதைப் போட நான் எதற்கு? இது எட்டு வருடமாக எனக்குத் தோன்றவில்லை. சுடச்சுடப் போடுவதில் எனக்கு அவ்வளவு பெருமை.

எழுந்து முன்னால் போய்த் திலீபனிடம் மைக்கைக் கேட்டேன். ஏதோ மெனு சொல்லப்போகிறேன் என்று கொடுத்துவிட்டான்.

"நாளைக்கு மத்தியானம் கட்டுச்சோறு. புளிச்சோறு, தயிர்ச்சோறு, பருப்புத் தொவையல், உருளைக்கிழங்குக் காரக்கறி. எல்லாம் நல்லெண்ணெய்ல செஞ்சு பொட்டலம் கட்டித் தந்திருவேன். நானும் உங்ககூட உள்ள வாரேன். இல்ல, எனக்குச் சுடச்சுட சாம்பார்தான் வேணும்கிறவங்க கையத் தூக்குங்க. நான் வெளியவே நின்னு வச்சுத் தாரேன்."

ராமசுப்பு சார் கை பாதி எழுந்தது. அவர் மனைவி மங்கையர்க்கரசி அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அதைப் பிடித்து இறக்கிவிட்டார். வேறு கை எழவில்லை.

திலீபன் காதருகே வந்து, "அக்கா, கம்பெனி ஒத்துக்கணுமே" என்றான்.

"அடுத்த வருஷம் கம்பெனிக்கு நான் கிடையாது தம்பி. நாளைக்கு ஒரு நாள் எனக்குக் கம்பெனி கிடையாது" என்றேன். என் குரலா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டிக்கெட்டில் அவரவர் பெயரை அச்சடிக்கிறார்களாம். இன்னொருவர் டிக்கெட்டில் போக முடியாது. மாரெக் என் பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தன் போனில் எனக்கும் ஒரு டிக்கெட் பதிந்தான். ஹோட்டல் வரவேற்பில் தாளாக எடுத்துக் கொடுத்தார்கள். தாளை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கசங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மே 22, வியாழன். பொம்பெயி

காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். புளியைக் காய்ச்சி, நம்ம ஊர் வேர்க்கடலை போட்டு, வெந்தயமும் பெருங்காயமும் வறுத்துப் பொடித்துப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை கிளறினேன். ஹோட்டல் வேலைக்காரர்கள் இருவர் வாசனைக்கு வெளியே வந்து நின்றார்கள். நாற்பது பொட்டலம். முடித்துக் குளித்துப் பச்சைச் சேலை கட்டினேன்.

வாசலில் டிக்கெட்டைப் பார்த்தார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், போ என்றார்கள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமான ஒன்றுக்காக எட்டு முறை வெளியே நின்றிருக்கிறேன். உள்ளே வந்த பிறகும் பாஸ்போர்ட்டை நீட்டிப் பிடித்தபடியே நடந்திருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

உள்ளூர் வழிகாட்டி அசுந்தா என்ற அம்மாள். நரைத்த முடி, கையில் சிவப்புக் குடை. ஆங்கிலத்தில் சொல்லுவார், திலீபன் தமிழில் சொல்லுவான். தெருக் கல்லில் வண்டிச் சக்கரம் உருண்டு உருண்டு பள்ளம் விழுந்திருந்தது. அதைப் பற்றித் திலீபன் ஒருநாளும் சொன்னதில்லை. குனிந்து அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தேன். நாலு விரல் ஆழம் இருந்தது. முதல் முறையாக, யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று எனக்குத் தெரிந்தது.

ஒரு முக்கில் அசுந்தா அம்மாள் பின்தங்கியவர்களுக்காக நின்றார். அந்த இடைவெளியில் திலீபன் கையை நீட்டி, "நான் பஸ்ல சொன்னேன்ல, லாண்டரி, இதான்" என்றான்.

பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

தெருவைப் பார்த்த மேடை. என் இடுப்பு உயரம். மேலே கலர் கலராக உடைந்த சலவைக்கல் பதித்திருந்தார்கள். மேடைக்குள் மண்சாடிகளைப் புதைத்து வாயை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஓர் ஆள் திரும்புகிற இடம். அந்த மூலையில் ஒரு சின்ன அடுப்பு. இருபது வருடம் நான் நின்ற இடம் அது. கண்ணைக் கட்டி விட்டாலும் கரண்டி எங்கே தொங்கியிருக்கும் என்று சொல்லிவிடுவேன்.

"தம்பி, இது லாண்டரி இல்ல" என்றேன்.

திலீபன் சிரித்தான். "அக்கா, நான் எட்டு தடவை வந்திருக்கேன்."

"நீ வந்திருக்க, சரி. துணி தொவைக்கிறவ எதுக்குத் தெருவப் பாத்து நிக்கணும்? அழுக்குத் தண்ணி போக ஓட்டை எங்க இருக்கு? சாடிக்கு அடில தொவாரம் கிடையாது, பாரு. தொவைக்கிற கல்லுல எவனாவது இப்படிப் பூப்பூவாச் சலவைக்கல்லு பதிப்பானா? இது சாப்பாட்டுக் கடை. தெருவுல போறவன் நிப்பான், இந்தப் பக்கத்துல இருந்து அள்ளிக் குடுப்பாங்க."

அசுந்தா அம்மாள் என்ன தகராறு என்று கேட்டார். டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் குடையை என் பக்கம் நீட்டித் தலையை ஆட்டினார். சாப்பாட்டுக் கடைதான். வெளுக்கிற கடை வேறு தெருவில் இருக்கிறது, திலீபன் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். சாடிகளில் சூடான குழம்பு இருந்ததாக வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லுவார்களாம்.

"குழம்பு இருக்காது" என்றேன். டீச்சர் மொழிபெயர்ப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டேன். "மண்சாடி, மேடைக்குள்ள பொதைச்சிருக்கு. தூக்கிக் கழுவ முடியாது. இதுல குழம்ப ஊத்தினா ரெண்டாம் நாள் புளிச்சு நாறிப்போவும். காஞ்ச சாமான்தான் வச்சிருப்பாங்க. பயறு, கொட்டை, உலந்த பழம். சூடான சமாச்சாரம் அந்த மூலை அடுப்புல தனியா இருக்கும்."

அசுந்தா அம்மாள் டீச்சரிடம் நிறையப் பேசினார். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "இந்த விஷயத்த வச்சுப் பெரிய பெரிய பேராசிரியருங்கள்லாம் வாதாடிக்கிட்டு இருக்காங்களாம். நீ சொன்னதத்தான் அவங்கள்ல நெறையப் பேரு சொல்லுதாங்களாம். நீ எங்க படிச்சன்னு கேக்காங்க."

"கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடின்னு சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சிரிக்காமல் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அசுந்தா அம்மாளும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அடுத்தது ரொட்டிக்கடை. உடுக்கை மாதிரி மாவரைக்கும் கருங்கல் எந்திரங்கள், கழுதையைக் கட்டிச் சுற்றுவார்களாம். பின்னால் செங்கல் வளைவு வைத்த அடுப்பு. நம்ம ஊர் பேக்கரி விறகு அடுப்பேதான். இந்த ஊரில் இப்படி ஓர் அடுப்பைத் தோண்டி எடுத்தபோது, உள்ளே எண்பத்தோரு ரொட்டி அப்படியே இருந்தது என்றார் அசுந்தா அம்மாள். கரியாகிவிட்டது, ஆனால் உருக்குலையவில்லை. எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ளக் கோடு போட்ட ரொட்டி. அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் ரொட்டியை உள்ளே வைத்து அடுப்பை மூடியிருக்கிறார். மலை அந்தப் பக்கம் புகைகிறது. பசியோடு வருகிறவர்களுக்கு நேரத்துக்குப் போட வேண்டும் என்று நினைத்திருப்பார். எடுக்க முடியாமல் போனது. அந்த மனிதரை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. துக்கம்தான், ஆனால் துக்கம் மட்டும் இல்லை. அந்த ஊரில் கோவில் பார்த்தோம், அரங்கம் பார்த்தோம், பணக்காரன் வீட்டுச் சுவரில் சித்திரம் பார்த்தோம். எல்லாம் அழகு. அதோடு சேர்த்து இந்த உலகம் ஒரு சமையல்காரர் போட்ட ரொட்டியையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மங்கையர்க்கரசி அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வெளியே வந்து மர நிழலில் பொட்டலத்தைப் பிரித்தோம். மணி ஒன்றரை. புளிச்சோறு நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. ராமசுப்பு சார் இரண்டாவது பொட்டலம் கேட்டுவிட்டு, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா" என்றார். அசுந்தா அம்மாளுக்கும் ஒரு பொட்டலம், கூடவே எங்கள் ஊர் கடலை மிட்டாய். கடிக்க முடியாமல் கடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

திலீபன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, எட்டு டூர். முந்நூறு பேருக்கு மேல லாண்டரின்னு சொல்லியிருக்கேன்."

"நான் கோவில்பட்டி பூராச் சொல்லியிருக்கேன் தம்பி. சாப்பிடு."

திரும்பும்போது அவனே மைக்கைக் கொண்டுவந்து கடைசி இருக்கையில் கொடுத்தான். நான் பேசினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. ஒரு இடத்திலும் இருமவில்லை.

மே 23, வெள்ளி. விமானம்

விமானத்து உப்புமாவில் உப்பு மட்டும் இல்லை, மற்றதும் இல்லை. மாரெக் விமான நிலையம்வரை வந்து என் பெட்டியைத் தூக்கி வைத்தான். அவனுக்குத் தெரிந்த மூன்று தமிழ் வார்த்தையையும் சொன்னான்: சோறு, போதும், நன்றி.

மே 28, புதன். கோவில்பட்டி

வீட்டுக்காரர் முறுக்குப் பிழியும் அச்சை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரப் பள்ளம், மேடை, சாடி, அடுப்பு, ரொட்டி. அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

முடித்ததும், "இது ஒண்ணுதான் பாத்தேன். மத்ததெல்லாம் திலீபன் சொன்னது. இத்தன வருஷமா உங்ககிட்டயும் சொல்லல" என்றேன். சொல்லும்போது அச்சைத்தான் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"எட்டு தடவையும் நீ ஒரே மாதிரிதான் சொன்ன, வார்த்த மாறாம. பாத்தவ அப்படிச் சொல்ல மாட்டா. ஒவ்வொரு தடவையும் ஒண்ண விட்டுட்டு ஒண்ணச் சேத்துச் சொல்லுவா."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் போன் போட்டுக் கேட்டீங்க, உள்ள போனியா உள்ள போனியான்னு?"

"ஒரு தடவையாவது போயிருக்க மாட்டியான்னுதான்."

அச்சை எடுத்துத் திருகினார். எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை எழுதத் தெரியவில்லை. இரவு அவருக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டினேன்.

ஜூன் 1, ஞாயிறு. கோவில்பட்டி

எண்பது நாற்காலியும் நிறைந்து, பின்னால் நின்றார்கள். மேடைக்குப் பின்னால் பேனர். அதிலும் 'நேரில் கண்ட' பெரிதாகத்தான் இருந்தது. பச்சைச் சேலை போட்டோவைப் போட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து ரெஜினா டீச்சர் வந்திருந்தார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் முதல் வரிசை ஓரத்தில், இஸ்திரி போட்ட சட்டையில்.

மைக்கைப் பிடித்தேன். என் பேச்சை இங்கே எழுதிவைக்கிறேன், இந்தத் தடவை இது என் வார்த்தை என்பதால்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒம்பது தடவ ஐரோப்பா போயிருக்கேன். எட்டு தடவ வெளிய நின்னு சோறு பொங்கினேன். உங்ககிட்ட இத்தன வருஷமாச் சொன்னதெல்லாம் காதால கேட்டது. கண்ணால பாத்தது ஒரே ஒரு ஊரு. இன்னைக்கு அத மட்டும்தான் சொல்லப்போறேன். மொதல்ல ஒரு திருத்தம். ரோமாபுரிக்காரன் லாண்டரின்னு நான் சொன்னேன்ல, அது லாண்டரி இல்ல. நம்ம மெஸ்ஸு."

மூன்றாவது வரிசையில் பூக்கார முத்துலட்சுமி கேட்டாள்: "அப்ப அந்த மேடை எம்புட்டு ஒசரம் இருந்துச்சு மதினி?"

கையை என் இடுப்பில் வைத்துக் காட்டினேன். "இம்புட்டு" என்றேன்.

ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். எண்பத்தோரு ரொட்டி என்று சொன்னபோது நின்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், தரையில். கடைசியில் கை தட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை, எழுந்து நின்றார். வகுப்பில் பிள்ளைகள் டீச்சருக்காக எழுந்து நிற்பதுபோல நின்றார்.

இந்த நோட்டில் இது கடைசிப் பக்கம். என் பெயர் அச்சடித்த டிக்கெட்டை நடுவில் ஒட்டியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் கறை எதுவும் இல்லை.